முன்சக்கரத்துச் சங்கிலி

கண்ணா,

நேற்று நீ போனில் ஒன்று கேட்டாய். "அம்மா, வைகாசியில அங்க வர்றதுக்கு முன்னாடி இன்னான்னா வாங்கி வெச்சிக்கணும்னு சுனிதா அப்பா கேக்குறாரு. வெயிலுக்கு." யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். குடை, தொப்பி, பருத்தித் துணி என்று அப்போதே சொல்லியிருக்கலாம். பெண்ணின் கல்யாணத்துக்காக இவ்வளவு தூரம் வரப்போகிற ஒரு மனிதர், வருகிற ஊரின் வெயில் தன்னை என்ன செய்யும் என்று முன்னாலேயே கேட்டுக்கொள்கிறார். நம் வீட்டில் அப்படிக் கேட்கிறவன் நீ ஒருவன்தான். அந்தக் கேள்வியில் உன் குரல் இருந்தது. அதனால் எழுத உட்கார்ந்தேன். இதையெல்லாம் நேரில் சொன்னால் நீ கூச்சப்பட்டு "சரிம்மா, சரிம்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். காகிதத்தில் அப்படி மாற்ற முடியாது. கடைசி வரி வரை நீ படித்துத்தான் ஆகவேண்டும்.

உன்னை இந்தத் தெருவில் எல்லோரும் எப்படிப் பார்த்தார்கள் என்று உனக்குத் தெரியும். அடி அண்ணாமலையில் உன் வயதுப் பையன்கள் எல்லோரும் கிணற்றில் குதித்து நீச்சல் கற்றார்கள். நீ மட்டும் முதல் நாள் ஒரு கல்லைக் கயிற்றில் கட்டி இறக்கி ஆழம் பார்த்தாய். இரண்டாம் நாள் படியில் உட்கார்ந்து காலை நனைத்தாய். எப்போது குதித்தாய் என்று யாரும் கவனிக்கவில்லை. அதற்குள் வேடிக்கை பார்த்தவர்கள் சலித்துப் போய்விட்டிருந்தார்கள். கார் ஓட்டப் பழகியபோதும் அப்படியே. கீழ்பென்னாத்தூர் ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை ஏறக்குறைய நிறுத்தி, பிறகு ஏற்றினாய். பின்னால் ஹாரன். பக்கத்து இருக்கையில் உன் அப்பா. "டேய், இது ரோடா, ஆஸ்பத்திரியா? மிதிடா!" நீ மிதிக்கவில்லை. அவர் பாதி வயதுக்கு மேல் வேன் ஓட்டியே கழித்தவர். ஜவ்வாது மலை, ஏலகிரி, ஏற்காடு எல்லாம் அவருக்கு ஒரு கையால் திருப்புகிற வளைவுகள். வண்டி என்றால் போகவேண்டும் என்று நினைக்கிற மனிதருக்கு, நிறுத்துவதை முதலில் கற்றுக்கொள்கிற ஒரு மகன். நான் உங்கள் இருவருக்கும் பின்னால் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தவள்.

போன கார்த்திகை தீபத்துக்கு நீ லீவில் வந்தபோது சொன்னாய். சண்டிகரில் உன்னோடு வேலை பார்க்கிற பெண். பெயர் சுனிதா. இமாசலத்தில், மலைக்கு மேலே, ஆப்பிள் தோட்டத்துக்காரர்கள். தை மாதத்தில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் வீட்டில் நாள் பார்த்திருக்கிறார்கள். அவளுடைய பெரியப்பாவுக்கு மட்டும் மனசில்லை. அவ்வளவு தூரத்து மனிதர்கள், ஒரு நல்லது கெட்டதுக்கு ஏறி வருவார்களா என்று கேட்கிறாராம். அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் முடிவு. அன்றைக்கு நாம் போய் நின்றால் கல்யாணம். போகாவிட்டால் அவர் சொன்னது சரி என்றாகிவிடும். அப்புறம் சொன்னாய்: "அங்க அப்போ பனி விழும்பா. சறுக்காம இருக்க வண்டி டயருக்குச் சங்கிலி வாங்கணும்."

பொண்ணு என்ன சாதி, என்ன சாப்பிடுவார்கள், என்ன மொழியில் பேசுவது என்று கேட்க உன் அப்பாவிடம் ஒரு மூட்டைக் கேள்வி இருந்தது. நீ சங்கிலி என்றதும் எல்லாம் அவருக்கு மறந்துபோனது. வண்டி சம்பந்தப்பட்ட ஒரு சாமான், அது அவருக்குத் தெரியாதது. மறுநாள் சாயங்காலம் வேங்கிக்காலில் என் அலுவலகம் முடிந்ததும் என்னை ஏற்றிக்கொண்டு நேரே டவுனுக்குப் போனார். அவருடைய வேனுக்கு ஸ்பேர் வாங்குகிற பாய் கடை.

"பாய், டயருக்கு மாட்டுற சங்கிலி இருக்குதா?"

"டயருக்கு எதுக்குண்ணே சங்கிலி? எவனாவது கழட்டினு பூடறானா?"

"பையன் பனியில வண்டி ஓட்டப் போறானாம்."

"மார்கழிப் பனிக்கு வைப்பர் போட்டா போயிடும்ணே."

"நக்கல் பண்ணாத பாய். பொண்ணு ஊரு அப்படி."

பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களாக்கா? நமக்கெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம்தான் சங்கிலி கட்டுனாங்க. உங்க புள்ள முன்னாடியே மாட்டினு போறான்."

கடையே சிரித்தது. உன் அப்பாவும் சிரித்தார். ஆனால் வெறும் கையோடு திரும்ப அவரால் முடியாது. பக்கத்து இரும்புக் கடையில் இரண்டு மாட்டுச் சங்கிலி வாங்கிக்கொண்டார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நடந்தது உனக்கு நினைவிருக்கும். நீ சிரிக்கவில்லை. அதை வாங்கி அவரோடு சேர்ந்து டயரைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தாய். "இது சுத்திக்கும்பா. தரையைப் பிடிக்காது. குறுக்கால வலை மாதிரி பின்னியிருக்கணும்" என்றாய். அந்த மாட்டுச் சங்கிலி இன்னும் ஷெட்டில் ஆணியில் தொங்குகிறது. அவரைக் கேலி செய்யாமல், அவர் வாங்கிவந்ததைக் கையில் வாங்கிப் பார்த்தாயே, அதை நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ ஆன்லைனில் வரவழைத்த சங்கிலி வந்ததும் தெருவுக்கே தெரிந்துபோனது. உன் காரும் நம் வீட்டுக் காரும் ஒரே மாடல். உன்னைக் கேலி செய்துகொண்டே நீ வாங்கியதையே அவரும் வாங்கியிருந்தார். நம் காரை வாசலில் நிறுத்தி நீ பழக ஆரம்பித்தாய். சங்கிலியைத் தரையில் விரித்து, முறுக்கு நீக்கி, டயருக்குப் பின்னால் கொடுத்து, உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்டி, மேலே இழுத்து, வெளிக்கொக்கியை மாட்டி, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி இறுக்கி. கழற்றி. மறுபடி. நம் வாசல் கிரிவலப் பாதை. போகிறவர்கள் எல்லோரும் நின்றார்கள். "இன்னாபா, வண்டிக்குக் கொலுசா?" என்று ஒரு ஆட்டோக்காரர். ஈர முடியோடு வெறுங்காலில் வந்த ஒரு அம்மா பக்தியாகவே கேட்டாள்: "எந்த சாமிக்குப்பா வேண்டுதல்?" நீ பதில் தேடுவதற்குள் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் திருநீறு எடுத்து டயரில் பூசிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். உன் அப்பா வேனுக்குள் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் வேனே ஆடியது.

அடுத்த நாள் நீ மீன் கடையிலிருந்து ஐஸ் வாங்கிவந்தாய். பக்கெட் தண்ணீரில் போட்டு, அதில் இரண்டு கையையும் முக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். விரல் மரத்துப்போகும் வரை. அப்புறம் எழுந்து போய் அந்தக் கையோடு கொக்கியை மாட்டிப் பழகினாய். உன் அப்பா என்னை உள்ளே கூப்பிட்டார். "ஏம்மே, இவனுக்கு இன்னாச்சு? எதுனா மந்திரிச்சி உடணுமா?" நான் சொன்னேன், அங்கே குளிரில் விரல் இப்படித்தான் இருக்குமாம் என்று. அவர் ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்தார். வெகுநேரம். அப்புறம் போய்த் தன் கையையும் பக்கெட்டில் விட்டுப் பார்த்துவிட்டு "அய்யோ" என்று எடுத்துக்கொண்டார்.

உங்கள் இருவருக்கும் ஒத்துவராத இடம் ஒன்றே ஒன்று. நீ சங்கிலியை முன்சக்கரத்தில் மாட்டினாய். அவர் பின்சக்கரம் என்றார். "சேத்துல டிராக்டருக்கு இரும்புச் சக்கரம் எங்க மாட்டுறோம்? பின்னாடி. ஏத்தத்துல பாரமெல்லாம் பின்னாடி எறங்கும். பிடிமானம் அங்கதான் வேணும்." நீ, "இந்த வண்டிய முன்சக்கரம்தான்பா இழுக்குது" என்றாய். அவர், "எனக்கா வண்டி சொல்லித் தர்றே?" என்றார். நீ அதோடு விட்டுவிட்டாய். ஆனால் முன்சக்கரத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தாய். உன் பிடிவாதத்துக்குச் சத்தம் கிடையாது. அதனாலேயே உன்னிடம் பிடிவாதம் இருப்பது எங்களுக்குத் தெரியாமல் இருந்தது.

தை மாதம். ரயிலில் சண்டிகர், அங்கிருந்து உன் காரில் மலை. முன்னால் நீயும் அப்பாவும். பின்னால் நான், என் மடியில் நிச்சயத் தட்டு. வெற்றிலை, பாக்கு, தேங்காய், பூ, அரக்குக் கலரில் ஒரு பட்டுப்புடவை. வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தேன். ஏற ஏற நான் துணியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். குளிரில் வெற்றிலை ஓரம் கறுத்துக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. வெளியே எல்லாம் மெதுவாக வெள்ளையாகிக்கொண்டிருந்தது. மரம், கூரை, கம்பி. பனி இவ்வளவு சத்தமில்லாமல் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. நேற்று வரை ரோடு நன்றாக இருந்தது என்றும், காலையில்தான் கொட்ட ஆரம்பித்தது என்றும் வழியில் சொன்னார்கள். சங்கிலி இல்லாத வண்டி இதற்கு மேல் போகக்கூடாது என்று ஒரு இடத்தில் நிறுத்தினார்கள். வரிசையாக டாக்ஸிகள். டீக்கடைகள். நீ மேலே ரோடு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கப் போனாய்.

நீ போனதும் உன் அப்பா இறங்கினார். டிக்கியைத் திறந்து சங்கிலியை எடுத்தார். ஏன் என்று எனக்குப் புரிந்தது. அத்தனை டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் மகன் இவர்கள் முன்னால் தடுமாறக்கூடாது. அவன் வருவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். முழங்கால் போட்டு, மூச்சு புகையாக விட்டுக்கொண்டு, இரண்டு சக்கரத்திலும் மாட்டி முடித்தார். பின்சக்கரத்தில். கையைத் தட்டிக்கொண்டு எழுந்து, உலகத்தையே வாங்கியவர் மாதிரி நின்றார். ஒரு டாக்ஸிக்காரர் இன்னொருவரின் விலாவில் இடித்துக் காட்டினார்.

நீ வந்தாய். பார்த்தாய். அந்த இடத்தில் உன்னால் எத்தனையோ சொல்லியிருக்க முடியும். "குளிர்ல கஷ்டப்பட்டு மாட்டிட்டீங்களேப்பா" என்று மட்டும் சொன்னாய். அப்புறம் உட்கார்ந்து கழற்ற ஆரம்பித்தாய். அவர் முகம் இறுகியது. "டேய். எல்லாரும் பாக்குறானுங்கடா." நீ நிமிராமல் சொன்னாய், "பாக்கட்டும்பா." கையுறை கொக்கிக்கு இடைஞ்சலாக இருந்தது. கழற்றி வாயில் கவ்விக்கொண்டாய். விரல்கள் சிவந்து, அப்புறம் வெளுத்தன. நம் வீட்டு வாசலில் பக்கெட்டில் முக்கிய அதே விரல்கள். ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. முன்சக்கரத்தில் சங்கிலி ஏறி உட்கார்ந்தது. சிரித்துக்கொண்டிருந்த டாக்ஸிக்காரர் சிரிப்பை நிறுத்தி, வேறு வேலை இருப்பதுபோல் திரும்பிக்கொண்டார். எனக்கு அங்கேயே எழுந்து நின்று, இவன் என் மகன் என்று தமிழில் சொல்ல வேண்டும்போல் இருந்தது. மடியில் தட்டு இருந்தது. சொல்லவில்லை. இங்கே சொல்லிவிட்டேன்.

மேலே போனோம். சங்கிலி பனியை நறநறவென்று கடிக்கிற சத்தம். தூரத்தில் சரிவின் மேல் சில வீடுகள் தெரிந்தன. அதுதான் என்று நீ கை காட்டினாய். பச்சைத் தகரக் கூரை. புகை. அந்த வீட்டில் அத்தனை பேரும் நமக்காகக் காத்திருப்பார்கள். அப்போது ஒரு வளைவு. ஓரச்சுவர் இடிந்திருந்த வளைவு. வண்டி முன்னால் போய்க்கொண்டிருக்கும்போதே பின்பக்கம் மட்டும் லேசாக நகர்ந்தது. யாரோ தொட்டிலைத் தள்ளியதுபோல. அவ்வளவுதான். நீ நிறுத்திவிட்டாய். இறங்கி நடந்துபோய், ஷூவால் தரையைத் தேய்த்துப் பார்த்தாய். வளைவின் விளிம்புக்குப் போய்க் கீழே பார்த்தாய். திரும்பி வந்து கண்ணாடியைத் தட்டினாய்.

"மா. பா. திரும்பிடலாம்."

"இன்னாடா சொல்றே? வூடு அதோ தெரியுது!"

"தெரியுதுபா."

"அந்த ஜீப்பு போவுதே, அவன் மட்டும் எப்படிப் போறான்?"

"அதுக்கு நாலு சக்கரமும் இழுக்கும். அதுவும் இல்லாம, அவன் இந்த ரோட்டுலயே பொறந்தவன். நான் இல்லபா."

நானும் பேசினேன். நல்ல நேரம் போய்விடும், பெரியப்பா என்ன சொல்வார், இவ்வளவு தூரம் வந்துவிட்டு. எல்லாம் சொன்னேன். உன் கல்யாணத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். நீ கதவுப் பக்கம் குனிந்து என்னைப் பார்த்தாய். "ஏறிடலாம்மா. ஏறுனதுக்கப்புறம் இன்னொரு வளைவுல இப்படி நகர்ந்தா, எங்கிட்ட எதுவும் இல்ல. ப்ரேக்கும் இல்ல, ஸ்டீரிங்கும் இல்ல." குரல் நடுங்கியது. அந்தப் பெண்ணை உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அந்த நடுக்கத்தில்தான் தெரிந்துகொண்டேன். பிடித்தும் திரும்பினாய். அதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று யோசித்துப் பார்க்கிறேன். வளைவைத் தாண்டிப் போகிறவனுக்கு வேண்டியதைவிட அதிகம்.

உன் அப்பா கதவைத் திறந்து இறங்கினார். வண்டியின் பின்னால் போய் நின்றார். நானும் இறங்கிக் கூடப் போனேன். ஒரு அடி தள்ளிக்கூட நிற்க இடமில்லாத ரோடு. அவர் வண்டியின் உடம்பில் கையால் தட்டினார். "வரலாம்... வரலாம்... ரைட்ல ஒடி... இன்னும் கொஞ்சம்... போதும்!" அவர் சின்ன வயதில் பஸ்ஸில் கிளீனராக இருந்தபோது கற்ற குரல். நீ அவர் தட்டுக்குத் தட்டு வந்தாய். முன்னால், பின்னால், முன்னால். வண்டி திரும்பியது. அவ்வளவு நேரம் உங்களுக்குள் ஒரு சின்ன வாக்குவாதம்கூட இல்லை. நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வண்டியைத் திருப்பியதை நான் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தேன்.

கீழே வந்து, சுனிதாவை அல்ல, நேரே அவள் அப்பாவைக் கூப்பிட்டாய். கெட்ட செய்தியை அவள் தலையில் ஏற்றி அனுப்பாமல் நீயே சொன்னாய். நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனுக்குள் இன்னொரு குரல் கத்த ஆரம்பித்தது. பெரியப்பா என்றாய். எனக்கு இந்தி தெரியாது. கோபம் தெரியும். "இன்னாடா சொல்றாரு?" என்று அப்பா கேட்டார். "இங்கயே தங்கச் சொல்றாங்க" என்றாய். அவ்வளவு சத்தத்துக்கு அவ்வளவு சின்ன மொழிபெயர்ப்பு. டீக்கடைக்கு மேலே ஒரு அறை எடுத்தோம். நல்ல நேரம் நம் தலைக்கு மேலே எங்கோ, அந்தப் பச்சைக் கூரை வீட்டில், நாம் இல்லாமல் கழிந்தது. மடியிலிருந்த தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு அழுதேன். நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. திரும்பியது தப்பு என்றும் சொல்லவில்லை.

மறுநாள் வெயில் வந்ததும் அவர்கள் இறங்கி வந்தார்கள். சுனிதா, அவள் அப்பா, கம்பளித் தொப்பி போட்ட உயரமான பெரியப்பா. நாங்கள் கை கூப்பினோம். பெரியப்பா எங்களைப் பார்க்கவேயில்லை. நேரே காரிடம் போனார். முன்சக்கரத்தின் பக்கம் குனிந்து சங்கிலிக்கு அடியில் ஒரு விரலை விட்டு இழுத்துப் பார்த்தார். நிமிர்ந்து உன்னிடம் ஏதோ கேட்டார். நீ பதில் சொன்னாய். மறுபடி கேட்டார். நீ கையை வளைத்துக் காட்டினாய், இடிந்த சுவரை. உன் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா கேக்குறாரு?"

"யார் மாட்டுனதுன்னு கேட்டாருபா. நான்தான்னு சொன்னேன். எந்த வளைவுல திரும்புனீங்கன்னு கேட்டாரு."

உன் அப்பா ஒரு அடி முன்னால் வந்தார். "டேய். முதல்ல பின்னாடி மாட்டுனது நான்னு சொல்லு. முன்னாடி மாத்துனது நீன்னு சொல்லு. திரும்ப வேணாம்னு சொன்னதும் நான்தான். சொல்லுடா அவருகிட்ட."

நீ தயங்கினாய். "சொல்லு" என்றார். சொன்னாய். பெரியப்பா உன் அப்பாவை முதல் தடவையாகப் பார்த்தார். அப்புறம் பெரிதாகச் சிரித்து, அவர் தோளில் கை போட்டு டீக்கடைக்குள் கூட்டிப் போனார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. டீ குடிக்கிற நேரம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தார்கள், ஸ்டீரிங் பிடிக்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டு.

மீதியை சுனிதாதான் எனக்கு இங்கிலீஷில் சொன்னாள். அவள் பெரியப்பா அந்த ரோட்டில் பனி தள்ளுகிற வண்டி ஓட்டி ரிடையர் ஆனவர். அந்த வளைவுக்குக் கீழே விழுந்த கார்களை மேலே இழுத்ததும் அவர்தான். முந்தின நாள் போனில் அவர் கத்தியது நம்மை இல்லை. தன் தம்பியை. கொட்டுகிற பனியில் அவர்களைக் கிளம்பி வர ஏன் விட்டாய் என்று. திரும்பிவிட்டார்கள் என்று தெரிந்ததும்தான் மூச்சே விட்டாராம். சொல்லிவிட்டு சுனிதா என் மடியிலிருந்த துணியைப் பிரித்தாள். கறுத்துப்போன வெற்றிலையைப் பார்த்தாள். நான் மறைக்கப் போனேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்து, கறுத்த ஓரத்தை மட்டும் நகத்தால் கிள்ளிப் போட்டுவிட்டு, பச்சையாக மிஞ்சியதைத் தட்டில் அடுக்கினாள். அந்தச் சின்ன வெற்றிலையில்தான் உன் நிச்சயம் நடந்தது. டீக்கடை பெஞ்சில். எந்த நேரத்தில் என்று நான் பார்க்கவில்லை.

கண்ணா, கல்யாணத்துக்கு முன்னால் அம்மா ஏதாவது புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. "நான் இந்த ரோட்டில் பிறந்தவன் இல்லை" என்று சொல்ல உன்னால் முடிந்தது. ஆண்பிள்ளைகள் சுலபத்தில் சொல்லாத வாக்கியம் அது. அதை விட்டுவிடாதே. கூடவே அதன் மறுபக்கத்தையும் நினைவில் வைத்துக்கொள். சுனிதா அந்த ரோட்டில் பிறந்தவள். உன்னைவிட வேகமானவள், சட்டென்று முடிவெடுப்பவள். எல்லா வளைவிலும் நீயே ப்ரேக்காக இருக்கவேண்டும் என்று இல்லை. அவளுக்குத் தெரிந்த ரோடு வரும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார். பக்கத்தில் உட்கார்ந்து வருவதும் ஒரு வேலைதான். அதை நம் வீட்டில் அதிகம் செய்தவள் நான். கஷ்டமான வேலை, சொல்லிவிட்டேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். வைகாசி வெயிலுக்கு அவர்கள் என்ன வாங்கவேண்டும். இதை உன் அப்பாவிடம் நேற்றே சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "பெரியவரும் வர்றாரா?" என்று கேட்டார். வருகிறார் என்றேன். எழுந்து வாசலுக்குப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டு, உச்சி வெயிலில், கேட்டிலிருந்து பந்தல் போடப்போகிற இடம் வரை சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நடந்தார். பாதியிலேயே துள்ளிக்கொண்டு ஓடிவந்து நிழலில் நின்றார். "சுடுதும்மே. ஜாஸ்தியா சுடுது. ஐஸ்ல நடந்த காலு அதெல்லாம். தாங்காது." இந்த மனிதர் பிறந்ததிலிருந்து இந்தத் தரையில் நடக்கிறார். சுடுகிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்று காலை பாய் கடைக்குப் போய்விட்டு வந்தார். கோயில் பிராகாரத்தில் காலுக்குச் சூடு தெரியாமல் இருக்க அடிப்பார்களே, அந்த வெள்ளைப் பெயின்ட். பாய் இந்தத் தடவையும் ஏதோ கேலி செய்திருக்கிறார், என்னவென்று எனக்குச் சொல்லவில்லை. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் வாசலில் குந்திக்கொண்டு அடித்துக்கொண்டிருக்கிறார். கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று கேட்டேன். ஒரு தடவை அடித்து, காயவிட்டு, நடந்து பார்த்து, சரியில்லை என்றால் மறுபடி அடிக்கவேண்டுமாம். பழகவேண்டுமாம். கிரிவலம் போகிறவர்கள் நின்று என்ன விசேஷம் என்று கேட்கிறார்கள். "சம்பந்தி வர்றாங்க" என்கிறார், நிமிராமல்.

சுனிதா அப்பாவிடம் சொல். எதுவும் வாங்கவேண்டாம். கேட்டிலிருந்து பந்தல் வரை தரை வெள்ளையாக இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கண் கூசுகிறது, அன்றைக்கு அந்த வளைவில் கூசியது மாதிரியே.

அம்மா